வாஷிங்டனின் முதுசொம்: ஒரு மரணசாசனமும் அதன் உரித்தாளர்களும்

ஜோர்ஜ் வாஷிங்டனைப் போர்த்தளபதியாகவும் ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியாகவும் அறிந்தவர்கள் பலர். காணிக்காரர் வாஷிங்டனை அறிந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. 1799 டிசம்பர் 14ஆம் திகதி அவர் கண்ணை மூடியபோது வேர்ஜீனியா, மேரிலண்ட், பென்சில்வேனியா, நியூயோர்க், கென்டக்கி ஆகிய மாநிலங்களிலும் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கேயிருந்த புதிய பிரதேசத்திலுமாக 50 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் பெயரில் இருந்தது. பிள்ளை மட்டும் இருக்கவில்லை. இவ்வளவு காணியும் யாரிடம் போயிற்று, எப்படிப் போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பத்திரிகைத் தொழிலின் ஆரம்ப காலத்தில் நீதிமன்றச் செய்திகளை எழுதுகின்ற பொறுப்பு என்னிடம் இருந்தது. காணி வழக்குகளில் உறுதியை வாசித்தால் ஒரு குடும்பத்தின் உள்வீட்டுக் கதை முழுவதும் தெரிந்துவிடும் என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். வாஷிங்டனின் மரணசாசனமும் அத்தகையதொன்றே. அதை ஒரு நாட்டுத் தலைவரின் ஆவணமாகக் கருதாமல், சகோதரர்களின் பிள்ளைகளுக்கும் மனைவியின் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே நின்று பங்கு பிரித்த ஒரு பெரியவரின் எழுத்தாகக் கொண்டு வாசிக்க வேண்டும்.

முதலில் அந்தக் காணி அவர் கைக்கு வந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

பொட்டோமாக் ஆற்றங்கரையில் லிட்டில் ஹண்டிங் கிறீக் என்னும் ஓடையை அண்டிய 5,000 ஏக்கர் நிலத்தை, ஜோர்ஜின் பூட்டனாரான ஜோன் வாஷிங்டனும் நிக்கலஸ் ஸ்பென்ஸர் என்பவரும் கூட்டாக 1674ஆம் ஆண்டில் பெற்றனர். பின்னர் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டு 2,500 ஏக்கர் வாஷிங்டன் குடும்பத்துக்கு ஆயிற்று. ஜோனின் மகன் லோரன்ஸ் அதனைத் தன் மகள் மில்ட்ரெட்டுக்கு எழுதி வைத்தார். 1726இல் மில்ட்ரெட்டின் சகோதரரான அகஸ்டின் 180 பவுண் கொடுத்து அந்தக் காணியை வாங்கினார். பெண்வழிக்குப் போயிருந்த முதுசொம் விலை கொடுக்கப்பட்டு மீண்டும் ஆண்வழிக்கு வந்தது. இந்த அகஸ்டின்தான் ஜோர்ஜின் தந்தை.

அகஸ்டின் 1743இல் காலமானார். அவருக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்து மக்களுக்கே நல்ல காணிகள் போயின. மூத்தவரான லோரன்ஸுக்கு ஓடைக்கரைத் தோட்டமும் அடுத்தவருக்கு வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டக் காணியும் கிடைத்தன. இளைய தாரத்தின் தலைப்பிள்ளையான ஜோர்ஜுக்கு அப்போது வயது 11. அவருக்கு விழுந்த பங்கு, ராப்பஹனொக் ஆற்றங்கரையிலிருந்த பெரி பாம் என்னும் சிறிய பண்ணையும் 10 அடிமைகளும் மாத்திரமே. அந்தப் பண்ணையிலும் தாயார் மேரி 1772 வரை குடியிருந்தார். மகன் வயதுக்கு வந்ததும் கையளிக்க வேண்டிய காணிதான். ஆனால் தாயை எழுப்பிவிட்டு மகன் குடியேறுவது எங்கே நடக்கும்?

அண்ணன் லோரன்ஸ் பிரித்தானிய கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னனின் கீழ் 1741இல் கார்த்தஹேனாப் போரில் பணியாற்றியவர். அந்தத் தளபதியின் மீதிருந்த மதிப்பினால் தன் தோட்டத்துக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயரிட்டார். காசநோயாளியான அவர் 1752இல் இறந்தபோது விட்டுச்சென்ற சாசனத்தின் ஏற்பாடு இவ்வாறு இருந்தது: ஒரே மகள் சாரா உரித்தாளர், மனைவி ஆனுக்குச் சீவிய உரித்து, சாரா பிள்ளையின்றி இறந்துவிட்டால், ஆனின் காலத்தின் பின் காணி தம்பி ஜோர்ஜுக்கு. சாரா 1754இல் குழந்தையாகவே இறந்தாள். ஆனோ மறுமணம் செய்து கணவர் ஜோர்ஜ் லீயுடன் வேறிடத்தில் வாழ்ந்தார். எனவே அதே ஆண்டு டிசம்பரில் ஜோர்ஜ், நாளை தனக்கே வரவிருக்கும் காணியை, இன்று அண்ணியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். குத்தகை ஆண்டுக்கு 15,000 இறாத்தல் புகையிலை. 18 அடிமைகளும் அக்குத்தகையில் அடக்கம். 1761இல் ஆன் காலமான பிறகே மவுண்ட் வெர்னன் சட்டப்படி அவருடையதாயிற்று.

ஒரு விதவையின் சீவிய உரித்து முடியும்வரை காத்திருந்தவர் வாஷிங்டன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே ஏற்பாடு இன்னும் இரண்டு இடங்களில் வரவிருக்கிறது.

1759 ஜனவரியில் அவர் மணந்துகொண்ட மார்த்தா, வேர்ஜீனியாவின் பெரும் பணக்கார விதவைகளுள் ஒருவர். முதற் கணவரான டானியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் சாசனம் எழுதாமலே இறந்துவிட்டார். 17 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் ஏறத்தாழ 300 அடிமைகளும் அவருடைய சொத்து. சாசனம் இல்லாதவிடத்து வேர்ஜீனியாச் சட்டம் விதவைக்கு மூன்றிலொரு பங்கைக் கொடுத்தது. ஆனால் நிலத்திலும் அடிமைகளிலும் அந்தப் பங்கு ஆயுட்கால அனுபவ உரித்து மட்டுமே. விற்கவோ நன்கொடை கொடுக்கவோ விதவையால் இயலாது. அவர் இறந்ததும் அது கஸ்டிஸின் வாரிசுகளுக்குத் திரும்பிவிட வேண்டும். அடிமைப் பெண்ணொருத்திக்குப் பிறக்கின்ற பிள்ளை தாய் யாருடைய உடைமையோ அவருடைய உடைமை என்பதும் சட்டம். ஆகவே விதவையின் பங்கிலிருந்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாரும், தகப்பன் யாராக இருந்தாலும், அந்தப் பங்கிலேயே சேர்ந்தார்கள்.

மார்த்தாவுடன் அவரது முதல் மணத்துப் பிள்ளைகள் இருவரும் வந்தனர். அவர்களின் சொத்துக்குப் பாதுகாவலராக இருந்த வாஷிங்டன் ஆண்டுதோறும் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டினார். வலிப்பு நோயினால் அவதிப்பட்ட மகள் பற்ஸி 1773இல் இறந்தபோது, அவள் பங்கில் ஒரு பகுதி தாய் வழியாக வாஷிங்டன் கைக்கு வந்தது. இலண்டன் வணிகர்களிடம் பட்டிருந்த கடனை அந்தப் பணத்தைக் கொண்டு அவர் தீர்த்தார். மகன் ஜக்கி 1781இல் யோர்க்டவுன் முற்றுகையின்போது முகாம் காய்ச்சலில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற நான்கு பிள்ளைகளுள் இளையவர்கள் இருவரை வாஷிங்டன் தம்பதியினர் தம் வீட்டிலேயே வளர்த்தனர். நெல்லி என்று அழைக்கப்பட்ட எலினர் ஒருவர். தாத்தாவின் பெயரையே தாங்கிய ஜோர்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் மற்றவர்.

இதற்கிடையில் அயற் காணிகளைத் துண்டு துண்டாக வாங்கி மவுண்ட் வெர்னனை ஏறத்தாழ 8,000 ஏக்கராக வாஷிங்டன் பெருக்கிவிட்டார். ஐந்து பண்ணைகள், ஒரு மாவாலை, கடைசிக் காலத்தில் ஒரு வடிசாலை என அது ஒரு சிறு நகரம் போல் இயங்கியது. ஐந்து பண்ணைகளிலும் உழைத்தவர்கள் அடிமைகள்.

இனிச் சாசனத்துக்கு வருவோம். 1799 ஜூலை 9ஆம் திகதி, இறப்பதற்கு ஐந்து மாதம் முன்னர், சட்டத்தரணி எவரது உதவியுமின்றித் தன் கைப்பட அதனை எழுதினார். எழுத்துப் பிழை பார்த்துப் பழகிய என்னைப் போன்றவர்கள் ரசிக்கக்கூடிய சங்கதி ஒன்று அதில் உண்டு. ஆண்டை எழுத்தால் எழுதும்போது கடைசி ‘ஒன்பது’ என்ற சொல்லை விட்டுவிட்டார்; சாசனம் 1790 என்றே காட்டுகிறது. சுதந்திரத்தின் 24ஆவது ஆண்டு என்றும் அடுத்தாற்போல் எழுதியிருந்தபடியால் சிக்கல் ஏற்படவில்லை. மரணப் படுக்கையில் மார்த்தாவை அழைத்து இரண்டு சாசனங்களை எடுத்துவரச் செய்து, பழையதை நெருப்பிலிடப் பணித்தார் என்று அருகிலிருந்த செயலாளர் டோபியாஸ் லியர் எழுதி வைத்திருக்கிறார். எரிந்துபோனதில் என்ன இருந்தது என்பதை அறிய எனக்கு இன்றும் ஆவல்தான்.

எஞ்சிய சாசனத்தின் முதல் ஏற்பாடு மனைவிக்கானது. சில விலக்குகள் தவிர முழுச் சொத்தின் அனுபவமும் வருமானமும் மார்த்தாவின் ஆயுட்காலம் வரை அவருக்கே. அலெக்சாந்திரியா நகரத்துக் காணித்துண்டு ஒன்று அவருக்கு முழு உரித்தாகவே கொடுக்கப்பட்டது. மார்த்தாவின் பின் மவுண்ட் வெர்னன் மூன்றாகப் பிரிய வேண்டும். மாளிகையும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் புஷ்ரொட் வாஷிங்டனுக்கு. ஓடைக்குக் கிழக்கேயுள்ள 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை, ஏற்கனவே இறந்துவிட்ட ஜோர்ஜ் அகஸ்டின் வாஷிங்டனின் மகன்மாருக்கு. மாவாலையும் வடிசாலையும் அமைந்த மற்றொரு 2,000 ஏக்கர், நெல்லிக்கும் அவர் கணவர் லோரன்ஸ் லூயிஸுக்கும். வளர்ப்புப் பேரனான கஸ்டிஸுக்கு வேறிடத்தில் 1,200 ஏக்கரும் தலைநகரில் ஒரு காணித் தொகுதியும்.

ஆங்கிலத்தில் இவர்களுள் பலருக்கும் ஒரே உறவுச்சொல்தான். நம் மொழியில் சொன்னால் பங்கீட்டின் உள்நோக்கு இன்னும் தெளிவாகும். புஷ்ரொட் தம்பி ஜோன் அகஸ்டினின் மகன், பெறாமகன். லோரன்ஸ் லூயிஸ் தங்கை பெற்றியின் மகன், மருமகன். அந்த மருமகனுக்கு மனைவியின் பேத்தியைக் கட்டிக்கொடுத்ததால் வாஷிங்டன் இரத்தமும் கஸ்டிஸ் இரத்தமும் ஒரே காணியில் வந்து சேர்ந்தன. ஜோர்ஜ் அகஸ்டினும் அப்படித்தான். அவர் இன்னொரு தம்பியின் மகன். மணந்ததோ மார்த்தாவின் சகோதரி மகளை. அந்தப் பிள்ளைகள் தனக்கு எவ்வளவு உறவோ மனைவிக்கும் அவ்வளவு உறவு என்று சாசனத்திலேயே காரணம் கூறுகிறார்.

மாளிகை ஏன் புஷ்ரொட்டுக்கு? இதற்கு அவர் சொல்லும் காரணம் என்னைக் கவர்ந்தது. இளவயதில், இருவரும் மணமாகாதிருந்த நாளில், தான் பிரெஞ்சுக்காரருடனான போருக்குப் போயிருந்தபோது தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் தம்பி ஜோன் அகஸ்டின். தான் போரில் மாண்டால் மவுண்ட் வெர்னன் தம்பிக்கே ஆகட்டும் என்று அப்போது ஒரு வாய்ச்சொல் கொடுத்திருந்தார். மாளவில்லை, தம்பிதான் 1787இல் முந்திக்கொண்டார். அந்தச் சொல் எந்த எழுத்திலும் இல்லாதது, நிறைவேற்ற வேண்டிய கட்டாயமும் அற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதைத் தம்பியின் மகனுக்கு நிறைவேற்றினார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஐந்து பெறாமக்கள், மருமக்களுக்கு ஐந்து வாள்கள். தற்காப்புக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ அன்றி உறையிலிருந்து எடுக்கப்படலாகாது என்ற நிபந்தனையுடன். பெஞ்சமின் பிராங்கிளின் கொடுத்த பொற்பிடித் தடி தம்பி சார்ள்ஸுக்கு. சாசனம் எழுதி இரண்டு மாதத்தில் சார்ள்ஸ் இறந்துவிட்டபடியால் அது மகனுக்குப் போனது. இன்னொரு தம்பியான சாமுவேலின் கடன்களையும் அவர் மக்களைப் படிப்பித்த செலவான ஏறத்தாழ 5,000 டொலரையும் தள்ளுபடி செய்தார். மிகுதி அனைத்தும் விற்கப்பட்டு 23 பங்காகப் பிரிக்கப்பட வேண்டும். விற்பதற்கான சொத்துகளின் பட்டியலையும் விலை மதிப்பையும் அவரே எழுதி இணைத்தார். கூட்டுத்தொகை 5 இலட்சத்து 30 ஆயிரம் டொலர். பிணக்கு ஏதும் எழுந்தால் எவரும் நீதிமன்றம் போகக்கூடாது, மூன்று நடுவர்களின் தீர்ப்பே முடிவு என்றும் எழுதியிருந்தார். காணி வழக்குகள் பார்த்த எவரும் இந்த ஏற்பாட்டின் அருமையை அறிவர்.

ஆனால் சாசனத்தில் மிக நீளமாகவும் மிகக் கண்டிப்பாகவும் அவர் எழுதியது அடிமைகள் பற்றியே. அந்த ஆண்டு அவர் தயாரித்த கணக்கின்படி மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருடைய சொந்த உடைமை. 153 பேர் மார்த்தாவின் விதவைப் பங்கு. ஏனையோர் பெரும்பாலும் பிறரிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். தன்னுடையவர்களை, மார்த்தாவின் மரணத்தின் பின் விடுதலை செய்யும்படி அவர் எழுதினார். முதியவர்களையும் இயலாதவர்களையும் வாரிசுகள் உணவும் உடையும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் தொழிலும் கற்பித்து 25 வயதில் விட வேண்டும். எந்தச் சாக்கிலும் ஒருவரைத்தானும் விற்கவோ மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்லவோ கூடாது. போர்க்காலம் முழுவதும் அவருடன் குதிரையில் திரிந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டொலரும்.

ஏன் மார்த்தாவின் மரணம் வரை காத்திருக்க வேண்டும்? காரணத்தையும் அவரே தருகிறார். தன்னுடைய அடிமைகளும் விதவைப் பங்கு அடிமைகளும் ஒருவருக்கொருவர் மணம் செய்து கலந்துவிட்டார்கள். விதவைப் பங்கிலுள்ளவர்களை விடுதலை செய்யும் அதிகாரம் தனக்கில்லை. கணவனை விடுவித்து மனைவியைப் பிடித்து வைத்தால் துன்பமான காட்சிகள் ஏற்படும். மார்த்தா உயிரோடிருக்கும்வரை அதைத் தள்ளிப்போட எண்ணினார். பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டு அடிமைகளை விடுவிக்கும் எண்ணம் 1794 அளவிலேயே அவருக்கு இருந்தது, குத்தகைகாரர் கிடைக்கவில்லை. அவரது நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அதே மனிதர் அதே காலத்தில், தப்பியோடியவர்களைப் பிடித்துவர ஆள் அனுப்பியவர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஓனா ஜட்ஜ் என்னும் இளம் பெண் மார்த்தாவின் பணிப்பெண். விதவைப் பங்கில் அடங்கியவள். தன்னை மார்த்தாவின் மூத்த பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிந்ததும் 1796 மே மாதம் பிலடெல்பியாவிலிருந்த ஜனாதிபதி இல்லத்தைவிட்டு நழுவிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டாள். பிடித்துவர எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. அங்கேயே மணம் முடித்து 1848இல் இறந்தாள். 52 ஆண்டுகள் சுதந்திரமாக வாழ்ந்தும் சட்டத்தின் கண்ணில் இறுதிவரை கஸ்டிஸ் குடும்பத்தின் சொத்தே. மறுபுறத்தில் சமையற்காரரான ஹெர்குலிஸ், 1797 பெப்ரவரி 22ஆம் திகதி, எசமானின் பிறந்தநாளன்றே ஓடிப்போனார். அவர் வாஷிங்டனின் சொந்த உடைமையாகையால் சாசனத்தின்படி அவருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அவருடைய மனைவி விதவைப் பங்கினள். ஆகவே பிள்ளைகள் மூவரும் அடிமைகளாகவே இருந்தனர்.

சாசனம் 1800 ஜனவரியில் பெயார்பாக்ஸ் மாவட்ட நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவியது. மவுண்ட் வெர்னன் குடிசைகளிலும் அதன் உள்ளடக்கம் தெரியாமலிருக்க வழியில்லை. 123 பேரின் விடுதலை ஒரு மூதாட்டியின் மூச்சில் தொங்குகிறது என்றால், அந்த மூதாட்டி எப்படி நிம்மதியாக உறங்குவார்? அவ்வாண்டின் இறுதியில் அங்கு வந்துபோன அபிகேல் அடம்ஸ், மார்த்தா தம் உயிருக்கு அஞ்சினார் என்று அக்காவுக்கு எழுதினார். காரணம் எதுவாயினும் மார்த்தா காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி 1ஆம் திகதி முதல் கணவரின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றனர். இயலாதவர்களுக்கான கொடுப்பனவை நிறைவேற்றாளர்கள் 1833 வரை செலுத்திவந்தனர்.

1802 மே 22ஆம் திகதி மார்த்தா காலமானார். கணவர் அஞ்சியது அப்போது நடந்தது. விதவைப் பங்கு கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் திரும்பியது. ஜக்கியின் நான்கு பிள்ளைகள் நான்கு வீடுகள். அடிமைகளும் நான்காகப் பிரிக்கப்பட்டனர். தகப்பன் விடுதலையாகி மவுண்ட் வெர்னன் அயலில் நிற்க, தாய் ஒரு பேத்தியின் வீட்டுக்கும் பிள்ளை இன்னொரு பேத்தியின் வீட்டுக்கும் போக நேர்ந்தது. மார்த்தாவின் சொந்தப் பெயரில் எலிஷா என்னும் ஓர் அடிமை மட்டும் இருந்தார். அவரை விடுவிக்க எந்தச் சட்டமும் தடையில்லை. ஆயினும் மார்த்தா அவரைப் பேரனுக்கு எழுதி வைத்தார். கணவரும் மனைவியும் இவ்விடயத்தில் ஒரே கருத்தினர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

காணிகளின் கதை எப்படிப் போயிற்று? எழுதியதொன்று, நடந்ததொன்று. தூரத்து நிலங்கள் பட்டியலிற் கண்ட விலைக்கு இலகுவில் போகவில்லை. ஒஹாயோவில் லிட்டில் மயாமி ஆற்றங்கரையிலிருந்த 3,051 ஏக்கர், பதிவு முழுமைப்படாத காரணத்தால் பிறர் கைக்குப் போயிற்று. 23 பங்காளிகளுக்கான கணக்கு இறுதியாக முடிக்கப்பட்டது 1847இல். அதாவது சாசனகாரர் இறந்து 48 ஆண்டுகளின் பின். நிறைவேற்றாளர்களுள் அதிகம் பாடுபட்ட லோரன்ஸ் லூயிஸ் அதற்கு முன்பே, 1839இல் இறந்துவிட்டார். அவரும் நெல்லியும் தம் பங்கில் எழுப்பிய வூட்லோன் மாளிகையும் காணியும் 1846இல் குவேக்கர் சமயத்தவருக்கு விற்கப்பட்டன. அடிமை உழைப்பின்றிப் பண்ணை நடத்த முடியும் என்று காட்டவே அவர்கள் அதை வாங்கினர்.

புஷ்ரொட் உயர்நீதிமன்ற நீதியரசர். நூலகமும் ஆவணங்களும் மாளிகையும் அவருக்கு வந்தன. மாளிகையைக் கட்டிக்காக்கப் பணம் வரவில்லை. விடுதலை பெற்றவர்கள் போய்விட, தன் சொந்த அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டத்தை நடத்தினார். 1821இல் அவர்களுள் 54 பேரை லூயிசியானாவுக்கு விற்றார். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆபிரிக்காவில் குடியேற்றுவதற்கு அமைக்கப்பட்ட சங்கத்தின் தலைவரும் அவரேயாகையால் பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. அவரும் பத்திரிகை வாயிலாகவே பதில் எழுதி, தன் சொத்தை விற்பது தன் உரிமை என்றார். பெரியப்பா விற்கக்கூடாது என்று எழுதியது பெரியப்பாவின் அடிமைகளைப் பற்றித்தானே என்ற நியாயம் சட்டத்துக்குப் பொருந்தும். அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை. அதே புஷ்ரொட், முன்னர் தம் குடும்பத்தில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற வெஸ்ட் போர்ட் என்பவருக்குத் தம் சாசனத்தில் 160 ஏக்கர் எழுதி வைத்தார். வெஸ்ட் போர்ட் அதனை விற்று 1833இல் அருகே 214 ஏக்கர் வாங்கினார். கம் ஸ்பிரிங்ஸ் என்னும் கறுப்பின மக்களின் ஊர் அந்த நிலத்திலேதான் வளர்ந்து இன்றும் இருக்கிறது.

பிள்ளையில்லாத புஷ்ரொட்டும் 1829இல் பெறாமகன் ஒருவருக்கே மாளிகையை விட்டுச் சென்றார். பெரியப்பாவிடமிருந்து பெற்ற 4,000 ஏக்கர், பல பங்காகிப் பிரிந்து, மாளிகையைச் சூழ ஏறத்தாழ 1,200 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. கடைசி உரிமையாளரான மூன்றாம் ஜோன் அகஸ்டின் வாஷிங்டன் அதனை மத்திய அரசுக்கும் வேர்ஜீனியா மாநிலத்துக்கும் விற்க முயன்றார். இருவரும் வாங்கவில்லை. தென் கரோலைனாவைச் சேர்ந்த ஆன் பமீலா கன்னிங்ஹம் என்னும் பெண்மணி பெண்கள் சங்கம் ஒன்றை அமைத்து நாடெங்கும் பணம் திரட்டி, 1858இல் மாளிகையையும் 200 ஏக்கரையும் 2 இலட்சம் டொலருக்கு வாங்க உடன்படிக்கை செய்தார். 1860இல் சங்கம் பொறுப்பேற்றது. இன்றும் அதுவே பராமரிக்கிறது. விற்றவர் மறு ஆண்டே உள்நாட்டுப் போரில், பெரியப்பா பாட்டனார் கட்டியெழுப்பிய நாட்டுக்கு எதிரான தெற்குப் படையில் நின்று சுடப்பட்டு இறந்தார்.

கஸ்டிஸ் பக்கத்துக் கதை இன்னும் விசித்திரமானது. வளர்ப்புப் பேரன் கஸ்டிஸ், தந்தை ஜக்கியிடமிருந்து வந்த 1,100 ஏக்கரில் ஆர்லிங்டன் மாளிகையைக் கட்டினார். அங்கே வேலை செய்தவர்களுள் மார்த்தாவின் விதவைப் பங்கிலிருந்து வந்தவர்களும் அடங்குவர். 1857இல் இறந்த அவருடைய சாசனம் தாத்தாவுடையதைப் போன்றதே: மகள் மேரிக்குச் சீவிய உரித்து; பின் மூத்த பேரனுக்கு முழு உரித்து; அடிமைகளுக்கு ஐந்தாண்டுக்குள் விடுதலை. நிறைவேற்றாளர் மேரியின் கணவர். அவர்தான் பின்னர் தெற்குப் படைக்குத் தலைமை தாங்கிய ரொபேர்ட் லீ. கடனையும் பேத்திகளுக்கான நன்கொடைகளையும் தீர்க்கும்வரை அடிமைகளிடம் வேலை வாங்கிய அவர், தவணை முடியும் தறுவாயில், 1862 டிசம்பர் 29ஆம் திகதி விடுதலைப் பத்திரத்தை நிறைவேற்றினார். வாஷிங்டனால் விடுவிக்க முடியாமற்போனவர்களின் வழிவந்த சிலருக்கு விடுதலை இவ்வாறு ஒரு தெற்குத் தளபதியின் கையொப்பத்தில் வந்தது.

ஆர்லிங்டனோ அதற்கு முன்பே வடக்குப் படையின் கையில். 92 டொலர் 7 சதம் வரி நிலுவை. நோயாளியான மேரி உறவினர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். உரிமையாளர் நேரில் வந்தாலன்றி ஏற்க முடியாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டனர். 1864 ஜனவரியில் அரசாங்கமே அதனை ஏலத்தில் எடுத்தது. சில மாதங்களில் அங்கே போர்வீரர்களைப் புதைக்கத் தொடங்கினர். 1873இல் மேரி காலமானதும் சாசனத்தின்படி உரித்தாளியான மூத்த மகன் வழக்குத் தொடர்ந்தார். 1882இல் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான கல்லறைகள் நிறைந்த காணியைத் திருப்பிக் கொடுப்பதெப்படி? 1883இல் 1 இலட்சத்து 50 ஆயிரம் டொலரைப் பெற்றுக்கொண்டு அவர் அரசுக்கு உறுதி முடித்துக் கொடுத்தார். அதுவே இன்றைய ஆர்லிங்டன் தேசிய மயானம்.

சாசனங்களும் இந்தப் போருக்குத் தப்பவில்லை. வாஷிங்டனின் சாசனம் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டுப் பின் திரும்பியது. மார்த்தாவினுடையதை வடக்குப் படைவீரர் ஒருவர் நீதிமன்றத்திலிருந்து எடுத்துப்போக, அது கைமாறி நியூயோர்க் வங்கியதிபர் ஜே. பி. மோர்கனின் சேகரிப்பில் அடைந்தது. வேர்ஜீனியா மாநிலம் வழக்காடும் நிலைக்குப் போன பிறகே, 1915இல் அது மீண்டது. இப்போது இரண்டும் பெயார்பாக்ஸ் நீதிமன்ற ஆவணங்களோடு இருக்கின்றன.